இரண்டாவது பொன்னாடை

பொன்னாடை பாடகியின் தோளில் விழுந்த அதே விநாடி, மண்டபத்தில் இருந்த அறுபது பெண்களும் குலவையிட்டார்கள். சண்முகலிங்கம் அதைக் கரகோஷம் என்று எடுத்துக்கொண்டார். பொன்னாடையின் ஒரு நுனியைக் கைவிடாமல், முகத்தை மட்டும் கமரா இருந்த பக்கம் திருப்பி, இருபத்தாறு வருட மேடை அனுபவம் உள்ள தன் புன்னகையைக் காட்டினார்.

கதிரைக்குத் திரும்பியபோது பக்கத்தில் இருந்த அனஸ்ரேசியா கடித்த சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அண்ணை, என்ன செய்துபோட்டு வாறியள்?"

"கலைஞரைக் கௌரவிச்சனான். ஏன், உங்கட மன்னாரிலை கௌரவிக்கிறேல்லையோ?"

"இஞ்சை பாட்டு நடக்கேக்கை எழும்பிப் போறது கௌரவிக்கிறதுக்கில்லை. இது ஆபிரிக்காவிலை இருக்கிற சான்சிபார்த் தீவின்ரை பாட்டு. தாராப் எண்டு சொல்லுவினம். எந்த வரி பாடேக்கை போய்க் காசோ துணியோ குடுக்கிறியளோ, அந்த வரியை நீங்களே சொன்னமாதிரி. ஆரைப் பார்த்துக்கொண்டு குடுக்கிறியளோ, அவைக்குச் சொன்னமாதிரி."

அனஸ்ரேசியா முதியோர் இல்லத்துச் சமையலறையில் இந்தப் பெண்களோடு பதினொரு வருடம் உருளைக்கிழங்கு உரித்தவர். உரித்த தோலோடு அவர்களின் சுவாகிலி மொழியும் கையில் ஒட்டிக்கொண்டது.

"என்ன வரி அது?"

"'வீட்டுக்கு வீடு கோள் காவுறவளே, உன்ரை கதவு எது எண்டு எங்களுக்குத் தெரியும்.' நீங்கள் முன்வரிசையிலை இருக்கிற ஸுஹுராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினனீங்கள்."

"நான் கமராவைப் பார்த்தனான்!"

"படம் எடுத்தவ ஸுஹுராவுக்குப் பின்னாலைதானே நிண்டவ."

சண்முகலிங்கம் முன்வரிசையைப் பார்த்தார். ஸுஹுரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பதினொரு வாக்குகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன.

செவ்வாய்க்கிழமை தேர்தல். ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள அம்மருட்டில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. சான்சிபார்க் குடும்பங்கள் பதினொன்று. பதினொன்றும் ஸுஹுரா கை காட்டும் பக்கம் போகும். அதற்காகத்தான் நிலவறை மண்டபத்தில் நடக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குத் தன்னைத் தானே பிரதம விருந்தினராக அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஒருகாலத்தில் ஒஸ்லோவில் நாலு சங்கங்களுக்குத் தலைவராக இருந்தவர். ஒன்று உடைந்தது. இரண்டை அவரே உடைத்தார். நாலாவது சங்கம் அவருக்குத் தெரியாமல் கூட்டம் கூடி, முகவரியையும் மாற்றிக்கொண்டு போய்விட்டது. தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற இந்த மூன்று வருடத்தில், அவருடைய தொலைபேசிக்குத் தவறாமல் வருவது பல் வைத்தியரின் நினைவூட்டல் மட்டும்தான். மனைவி புஷ்பமலர் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம்தான் அழைப்பு. புஷ்பமலருக்கும் அனஸ்ரேசியா வேலைசெய்யும் அதே சமையலறையில்தான் வேலை. இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் வேலை என்று சொல்லிப் போய்விடுவார்.

இந்தத் தேர்தலும் போனால் சண்முகலிங்கத்தின் கழுத்தில் இனி ஒரே ஒரு தடவைதான் மாலை விழும். அதை அவர் பார்க்கப்போவதில்லை.

போதாததற்கு, எதிராக இன்னொரு பெயர் வந்திருப்பதாகவும், நாளைக்குத்தான் அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். மூன்றாம் மாடி நோர்வேக்காரன் ஆன்ட்ரியாஸ்தான் என்று தானாகவே முடிவு செய்து, ஒரு கிழமையாக மின்தூக்கியில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பிழையைத் திருத்தவேணும்," என்று பையைத் திறந்தார்.

அவரிடம் எப்போதும் இரண்டு பொன்னாடை இருக்கும். ஒன்று மற்றவர்களுக்குப் போர்த்த. மற்றது, தனக்குப் போர்த்த யாரும் எதுவும் கொண்டுவராவிட்டால், பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துப் போர்த்துவிக்க. இரண்டாவதை எடுத்தார்.

"அண்ணை, இருங்கோ! அடுத்த பாட்டுத் தொடங்கிட்டுது. முடியட்டும்!"

தலைவர்கள் முடியும்வரை இருப்பதில்லை. நேரே முன்வரிசைக்குப் போய், ஸுஹுராவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, கைகூப்பி, இடுப்பு அனுமதித்த அளவுக்குக் குனிந்தார். வயலின் கிறீச்சிட்டது. முன்னதைவிடப் பெரிய குலவை எழுந்தது. கோப்பி மெசின் பக்கத்தில் நின்ற நெடிய மனிதர் ஒருவர் கையில் இருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

திரும்பி வந்த சண்முகலிங்கம் கதிரையின் நுனியில் மட்டும் உட்கார்ந்தார்.

"இப்ப என்ன வரி?"

"'உன்ரை மனுசன் ஏலாதவன் எண்டு ஊருக்கே தெரியும். குளிருக்கு நான் இருக்கிறன், பயப்பிடாதை.'"

"ஐயோ. அந்த நெடிய ஆள் ஆர்?"

"அந்த ஏலாதவர். ட்ராம் ஓட்டுறவர். மணி அடிச்சும் விலகாத ஆக்களை அவருக்குக் கண்ணிலை காட்டக்கூடாது."

"நான் வெளிக்கிடுறன், பிள்ளை."

"அதைத்தான் முதலே செய்திருக்கவேணும்."

வாசல் மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தது. மேலே சின்ன யன்னலில் பெப்ரவரி மாதச் சேற்றுப்பனியும், அதை மிதித்துப் போகும் சப்பாத்துகளும் மட்டும் தெரிந்தன. நாலரை மணிக்கே வெளிச்சம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. சண்முகலிங்கம் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நடுவால் குறுக்கே நடந்தார்.

அப்போதுதான் அடுத்த பாட்டு. பெண்கள் எழுந்து வரிசையானார்கள். தாராப்பில் குதிப்பு, துள்ளல் எதுவும் இல்லை. அரை அடி வைத்து, தோளை அசைத்து, அவசரமே இல்லாமல் நகர்வார்கள். அந்த நகர்வு ஒரு மனிதரைக் கவ்வினால் விடாது. முன்னால் ஒரு நீலத்துணி முக்காடு, பின்னால் ஒரு பச்சைத்துணி முக்காடு. நடுவில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சண்முகலிங்கம்.

இடது பக்கத்தால் நழுவப் பார்த்தார். பின்னால் வந்த பச்சைத்துணிக்காரியின் கை தோளில் விழுந்து அவரை மறுபடி வரிசைக்குள் வைத்தது. எட்டு மாதமாக நோவோடு இறுகிப்போய்த் தூக்க முடியாமல் இருக்கும் இடத்தோளை அந்தக் கை தொடவில்லை, வலத்தோளைத்தான் பிடித்தது. 'நாகரிகமான சனம்' என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. கமரா முன்னால் இருந்தது.

வரிசை வாசலுக்குப் போகவில்லை. பாடகியிடம் போனது. ஒவ்வொரு பெண்ணாக அவர் கையில் ஒரு தாள்காசை வைத்துவிட்டு விலகினாள். சண்முகலிங்கத்தின் முறை வந்தது. பாடகி ரெஹேமா, அவர் போர்த்திய பொன்னாடையுடனேயே, கையை நீட்டியபடி பாடினார். ஒன்றும் கொடுக்காமல் போனால் அது மூன்றாவது அவமானம். சட்டைப்பைகளைத் தடவினார். இந்த நாட்டில் யார் காசு கொண்டு திரிகிறார்கள்? அகப்பட்டது தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்றுதான். அதில் பாதிக்கு அவருடைய வண்ணப்படம், கழுத்து நிறைய மாலையோடு.

வலத்தோளில் இருந்த கை சற்றே தள்ளியது. கொடுத்துவிட்டார்.

ரெஹேமா படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பாட்டு நின்றது. இந்தமுறை குலவை இல்லை, சிரிப்பு. மேளம் அடித்தவர் மேளத்தின் மேலேயே கவிழ்ந்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார்கள். ட்ராம் ஓட்டுநர்கூடக் கண்ணைத் துடைத்தார்.

சண்முகலிங்கம் எப்படியோ கதிரைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன வரி?"

"வேண்டாம் அண்ணை."

"சொல்லு பிள்ளை."

"'தன்ரை படத்தைத் தானே சுவரிலை மாட்டி, தானே மாலை போட்டவரே, ஒருக்கால் திரும்பிப் பாரும், பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு.'" அனஸ்ரேசியா குரலைத் தாழ்த்தினார். "அந்த நோட்டீசைப் பார்த்திட்டு நானே மரண அறிவித்தல் எண்டு நினைச்சு அழப்பார்த்தனான்."

சண்முகலிங்கம் பையை இழுத்து மூடினார். வீட்டு விறாந்தையில் அந்தப் படம் உண்மையாகவே தொங்குகிறது. துணிப்பூ மாலை. மாதம் ஒருமுறை அவரே கழுவிப் போடுவார்.

"சான்சிபாரிலை இருக்கிறவைக்கு என்ரை வீட்டுச் சுவர் எப்பிடித் தெரியும்?"

"இது அங்கத்தைப் பாட்டில்லை. ஆருக்கும் ஆரிலையும் மனக்குறை இருந்தால் ரெஹேமாவிட்டைச் சொல்லுவினம். அவ பாட்டாக்குவா."

"ஆன்ட்ரியாஸ்! தண்ணிக்குழாய் பார்க்க எண்டு ஒருக்கா வீட்டை வந்தவன். அண்டைக்கே சுவரைச் சுவரைப் பார்த்தவன்!"

அந்த நேரம் ஸுஹுரா வந்தார். தோளில் இரண்டாவது பொன்னாடை; கையில் சோறும் இறைச்சியும் நிறைந்த ஒரு தட்டு. அதைச் சண்முகலிங்கத்தின் மடியில் வைத்து, நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "சாப்பிடுங்கள். ஒருவருக்கும் கோபம் இல்லை. தனக்கு வந்த பாட்டைத் தானே எழும்பிப்போய் ஏற்றுக்கொண்ட ஆளை நாங்கள் இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறோம்."

சண்முகலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. அணைந்த விளக்குகளில் ஐந்தாறு மறுபடி எரிந்தன. ஒரு வாய் சோறுகூட இறங்கியது.

"பார்த்தியே பிள்ளை, பெருந்தன்மை வென்றுபோடும். செவ்வாய்க்கிழமை பார்." கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அனஸ்ரேசியா பக்கம் சாய்ந்தார். "இப்ப உண்மையைச் சொல்லு. இந்தப் பாட்டைப் பாடுவிச்சது எனக்கு எதிரா நிக்கிறவன்தானே?"

அனஸ்ரேசியா மிச்சச் சமோசாவை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"எதிரா நிக்கிற ஆள்தான் அண்ணை. ஆனால் ஆன்ட்ரியாஸ் இல்லை. அந்தப் பதினொரு வீடும் சேர்ந்து பேர் குடுத்த ஆள். இப்ப உங்கட நோகாத தோளாய்ப் பார்த்துப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவ, புஷ்பமலரக்கா."