காட்டேரி கடித்த கழுத்து

இரத்தக் காட்டேரியின் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்ட மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இறம்பொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார்.

பெயரைக் கேட்டால் அவரே யோசித்துத்தான் சொல்வார். எல்லோருக்கும் அவர் 'அட்டை அண்ணன்'. மழைக்காலத்தில் தேயிலைக்குள் நிற்கிற எல்லோரையும்தான் அட்டை கடிக்கிறது. இவருக்கு மட்டும் அது குடும்பப் பகை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் திடீரென்று தன் கழுத்தில் ஓங்கி அடித்துக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் பாயசத்தைச் சிந்திவிடுவார்.

கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் பழைய துரை பங்களாவில் காட்டேரிப் படம் எடுக்க வந்தது. முதல் கடி வாங்குகிற ஆளாக அண்ணனைப் பிடித்துப் போட்டார்கள். காட்டேரி பின்னாலிருந்து பதுங்கி வந்து கழுத்தில் பல்லை வைத்தது. அண்ணனின் கை தானாகப் போய் அதன் கன்னத்தில் விழுந்தது. பொய்ப்பல் பறந்து தேயிலைச் செடிக்குள் விழ, கொழுந்து பறிக்கிற பெண்கள் மூன்று பேர் அரை மணி நேரம் தேடினார்கள்.

"அண்ணே, அது அட்டை இல்ல, காட்டேரி!" என்று கத்தினார் டைரக்டர்.

"எனக்குத் தெரியுதுங்க சேர். கைக்குத் தெரியலையே."

அடுத்த நாள் அண்ணன் முன்னேற்பாட்டோடு வந்தார். அட்டைக்குப் பயந்து காலில் பூசுகிற சவர்க்காரத்தைக் கழுத்தில் குழைத்துப் பூசியிருந்தார். கடித்த காட்டேரி வாயெல்லாம் நுரையோடு தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு ஓடியது. கடைசியில் அவர் கையைப் பின்னால் கட்டிப்போட்டுத்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள். கதைப்படி எதற்குக் கட்டியிருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

படம் தியேட்டருக்கு வரவில்லை. நேரே இணையத்தில் விட்டுவிட்டார்கள். எங்களுக்கெல்லாம் ஏமாற்றம். அண்ணனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என்னிடம் ஓடி வந்தார்.

"தியேட்டர்ல வந்தா மல்லிகா எப்பிடிங்க டீச்சர் பாக்க முடியும்? இப்ப அங்கேருந்தே பாத்துருவாள்ல!"

மல்லிகா அக்கா அவர் மனைவி. குவைத்தில் வீட்டு வேலை. போய் மூன்று வருஷமாகிறது. அண்ணனிடம் இருப்பது பொத்தான் போன். அதில் குரல் போகும், முகம் போகாது. என் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பட்டுமா என்றால், "வேணாம் டீச்சர், சவரம் பண்ணல" என்று நழுவிவிடுவார். சினிமாக்காரர்கள்தான் அவருக்குச் சவரம் பண்ணிப் பவுடர் பூசி விட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமையில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அண்ணனோடு பத்துப் பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். என் போனை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். நடுநடுவே படம் நின்று வட்டம் சுற்றியது. ஒருவழியாக அண்ணன் காட்சி வந்தது. திரையில் ஒரு பின்கழுத்தும் இரண்டு காதுகளும் தெரிந்தன. பல் இறங்கியது. அவ்வளவுதான், கதை வேறு இடத்துக்குப் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து வாசலில் போய் நின்றார்.

"மூஞ்சியவே காட்டலையே டீச்சர். நான்தான்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

கொஞ்ச நேரத்தில் பொத்தான் போன் அடித்தது. அதில் பேசினால் லயத்துக்கே கேட்கும்.

"பாத்தேங்க" என்றார் மல்லிகா அக்கா.

"பாத்தியா? என்னையத் தெரிஞ்சிச்சா?"

"ஒங்க கழுத்து எனக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் உடைந்தது. "நல்லா சாப்புடுறேன், நல்லா சாப்புடுறேன்னு தெனமும் சொன்னீங்களே. எலும்பு தெரியுதேங்க."

அண்ணன் சட்டைக் காலரைத் தூக்கிக் கழுத்தை மூடிக்கொண்டார். நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிற மனிதர் என்ன சமைக்கிறார், சமைக்கிறாரா என்று மூன்று வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறோம். மழை நாளில் அண்ணன் வரப் பிந்தினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.