ஓடாத பஸ்ஸின் கண்டக்டர்

நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராத பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் இந்த உலகத்தில் யாராவது உண்டா என்று கேட்டால், நான் கை தூக்குவேன். அந்த பஸ்ஸுக்கு இன்ஜின் கிடையாது. ஆறு சக்கரமும் மணலில் அரை அடி புதைந்து கிடக்கும். யாருடையது என்று தெரியாத ஒரு மாடு தினமும் வந்து அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும். அந்த பஸ்ஸைத்தான் நான் நாலு நிமிஷத்தில் கோட்டைவிட்டேன். தமிழ்நாட்டில் எத்தனையோ கண்டக்டர்கள் இருந்திருக்கலாம். நிற்கிற பஸ்ஸைச் சரியான நேரத்துக்குக் கிளப்பியவர் எங்கள் மரக்காணத்துக் கண்டக்டர் ஒருவர்தான்.

பெயர் யாருக்கும் தெரியாது. சென்னைக்கும் பாண்டிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது வருஷம் விசில் ஊதியவர். ரிடையராகி எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். வந்த மூன்றாவது மாதமே, ஏதோ ஒரு தனியார் கம்பெனி கழித்துப்போட்ட பஸ் ஒன்றை வாங்கிவிட்டார். ஓட்டுவதற்கு இல்லை. மச்சானுடைய சவுக்குத் தோப்பு அனுமந்தைக்குப் போகிற வழியில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது. அதற்குள் நிறுத்தி வைப்பதற்கு.

"எதுக்குங்க இது?" என்று தெருவே கேட்டது.

"வெள்ளக்காரன் ஒருத்தன் பாண்டி ரோட்டுல வண்டியிலயே பொண்டாட்டி புள்ளைங்களோட குடித்தனம் பண்றத என் கண்ணால பார்த்தேன். உள்ளயே அடுப்பு, உள்ளயே கட்டில். ஒரு நாளைக்கு ஒரு மரத்தடி. நம்ம ஜனம் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? ஞாயித்துக்கெழமை ஆனா வீட்டுக்குள்ளயே கெடந்து டிவி பார்க்கணுமா?"

இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். தோப்பின் நட்ட நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதாகத்தான் திட்டம். பஸ் தோப்பின் கால்வாசிக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர்காரர்கள் முக்கினார்கள், முனகினார்கள், கடைசியில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கண்டக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதான் ஸ்டாண்டு" என்று அறிவித்தார்.

பாதி சீட்டைக் கழற்றி எறிந்து பெஞ்சு போட்டார். மனைவியின் பழைய புடவைகளை வெட்டி ஜன்னலுக்குத் திரை. பின்பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு குடம் தண்ணீர். வெளியே மரத்துக்கு மரம் தார்ப்பாய் கட்டிப் பந்தல். 2005 ஏப்ரலில் இருந்து எங்கள் தெருக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தத் தோப்புதான். உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்த என் கணவர், ஏழு வயது மகள் ஷாலினி, நர்சரிப் பள்ளி டீச்சராகிய நான், எதிர்வீட்டு மேரியக்கா, அவருடைய கணவர், மூன்று வாண்டுகள். சோற்றுச் சட்டியும் பாயுமாகக் கிளம்பிவிடுவோம்.

இனாமாகத்தான் கூப்பிட்டார். ஆனால் சும்மா கூப்பிடவில்லை. அது பஸ். பஸ்ஸுக்கு நேரம் உண்டு. ஒன்பது பத்துக்கு விசில் ஊதி, "ரைட்!" என்று கதவைச் சாத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பார் சோற்றுத் தூக்கோடு ஒன்பது பதினாலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"வண்டி எடுத்தாச்சு டீச்சரம்மா. அடுத்த சர்வீஸ் பத்து மணிக்கு."

"கண்டக்டர், வண்டி இங்கதானே நிக்கிது!"

"நிக்கிறது வண்டி. டைம் போயிடுச்சு."

நாற்பத்தாறு நிமிஷம் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னாலேயே ஏறிவிட்ட என் கணவர், திரையை விலக்கி முறுக்கு கடித்துக்கொண்டே எனக்கு டாட்டா காட்டினார். மாடுகூட என்னைப் பாவமாகத்தான் பார்த்தது.

என் கணவருக்கும் வேளை வந்தது. காலண்டர் தாளைக் கிழித்து, நடுவில் ஓட்டை போட்டு, ஆளுக்கு ஒரு டிக்கெட் தருவார் கண்டக்டர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் மனைவி, கண்டக்டரம்மா, வந்து செக்கிங் செய்வார். அதிகம் பேசாத மனுஷி. கையில் கரண்டியோடு வந்து, "டிக்கெட்டு?" என்று மட்டும் கேட்பார். என் கணவர் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்து எங்கேயோ போட்டுவிட்டார். டிக்கெட் இல்லாதவருக்கு வறுத்த வஞ்சிரம் கிடையாது, ரசம் சோறுதான் என்று தீர்ப்பானது. "நான் இன்னா பண்றது சார், அவரு ரூல்ஸு" என்று சொல்லிக்கொண்டே, சோற்றுக்கு அடியில் ஒரு துண்டு மீனை ஒளித்துவைத்துக் கொடுத்தார் அந்த அம்மா.

டிரைவர் சீட்டில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. மேரியக்காவின் வீட்டுக்காரர் ஒருநாள் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டதற்கு மூன்று விசில் ஊதி இறக்கிவிட்டார் கண்டக்டர்.

"அது டிரைவர் எடம். டீ குடிக்கப் போயிருக்காரு. வந்துடுவாரு."

"எந்த டிரைவருங்க?"

"வந்தா தெரியும்."

தோப்பின் மறுபக்கம் கடல். மிஞ்சிப்போனால் இருநூறு அடி. சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் கடலுக்குப் போவார்கள். ஷாலினி மட்டும் வரமாட்டாள்.

முந்தின டிசம்பரில் சுனாமி வந்த காலையில், அவள் அப்பாவோடு மீன் வாங்கக் குப்பத்துக்குப் போயிருந்தாள். அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவர் ஓடி வந்துவிட்டார். அவளுக்கு ஒரு செருப்பு போனது, அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் இல்லை. சவுக்குத் தோப்பில் காற்று அடித்தால் கடல் மாதிரியே இரையும். எது மரம், எது கடல் என்று அவளுக்குப் பிரித்துத் தெரியாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குள் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். பள்ளியிலும் ஜன்னலோரம் உட்கார மறுத்தாள். ராத்திரியில் படுக்கையை நனைத்தாள். ஊர் பேர் எல்லாம் ஒப்பித்த பிள்ளை, கடல் என்ற சொல்லை வாயில் எடுப்பதே இல்லை.

எனக்கு எரிச்சலாக வரும். சுனாமி அன்றைக்கு நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அலையைக் கண்ணால் பார்க்காதவள். அதனால் தைரியத்தைப் பற்றி நிறைய அறிவுரை சொன்னேன். என் கணவர் சொல்லாமல் செயலில் இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அப்படியே தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார். பத்து அடிகூடப் போயிருக்கமாட்டார். தோளில் ஒரு கடி கடித்தாள் பாருங்கள், பல் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது.

பின்னாலிருந்து விசில் பறந்தது. கண்டக்டர் ஓடி வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"எறக்குங்க சார். மொதல்ல எறக்குங்க. முப்பது வருஷத்துல ஒரு பாசஞ்சரையும் அவங்க கேக்காத ஸ்டாப்புல நான் எறக்கி விட்டதில்ல."

ஷாலினியை இறக்கிவிட்டதும், அவள் உயரத்துக்குக் குனிந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. டூட்டி விஷயமாகப் பேசுகிறவர் போலக் கேட்டார்.

"ஏம்மா, வண்டி ஓட்டுவியா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது இல்ல. அது பெரிய வண்டி, இப்ப எடுக்க முடியாது. சின்ன வண்டி ஒண்ணு இருக்குது."

கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தார். இரண்டு முனையையும் முடிந்து பெரிய வளையமாக்கினார். பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாரையும் அதற்குள்ளே வரிசையாக நிற்க வைத்தார். முன்னால் ஷாலினி. கடைசியில் அவர்.

"இவங்கதான் டிரைவரு. டிரைவர் போனா வண்டி போவும். நிறுத்துனா நிக்கும். அதுல கண்டக்டருக்கே பேச்சு கெடையாது. அப்பறம் பாசஞ்சருங்க எவனாவது வாயத் தொறந்தீங்க..." என்று என் கணவரைப் பார்த்தார். "ரைட்!"

முதல் நாள் மூன்று மரம் போனோம். நாலாவது மரத்தில் டிரைவர் பிரேக் போட்டாள். கண்டக்டர் ஒரு விசில் ஊதினார். "மூணு மரம் ஸ்டாப்! எறங்கறவங்கல்லாம் எறங்குங்க." அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டோம். இதற்காகவா வளையத்துக்குள் நுழைந்தேன் என்று மேரியக்கா சேலையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த வாரம் ஏழு மரம். அதற்கடுத்த வாரம் மறுபடி ஐந்து. கண்டக்டர் அதற்கும் ஒரு விசில் ஊதினார். மழைக்காலத்தில் தோப்புக்குள் தண்ணீர் தேங்கியதால் சர்வீஸ் ரத்து. பொங்கல் முடிந்து திரும்பத் தொடங்கினோம். மாசி மாதக் கடைசியில் தோப்பின் விளிம்புக்கு வந்துசேர்ந்தது வண்டி. அங்கே மணல் மேட்டில் உடைந்த படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டினால் கடல் கண்ணுக்குத் தெரியும். டிரைவர் அங்கே நிறுத்தியவள்தான். ஆறு ஞாயிற்றுக்கிழமை வண்டி படகைத் தாண்டவில்லை.

நிறுத்திவிட்டுத் திரும்பினாலாவது பரவாயில்லை. அவள் நிறுத்திவிட்டு நின்றுகொண்டே இருப்பாள். மண்டை பிளக்கும் வெயிலில் ஒன்பது பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நிற்போம். ஒரு தடவை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்பா, இன்னா பண்றீங்க எல்லாரும்?"

"பார்த்தா தெரியல? பஸ்ஸு நிக்கிது" என்றார் கண்டக்டர்.

"எதுக்கு நிக்கிது?"

"டிரைவரு யோசிக்கிறாங்க."

மீனவர் எங்கள் ஒன்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். முன்னால் நிற்கிற குழந்தையைப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்கவில்லை. "சரி, யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வளையத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் திரும்பும்போது கண்டக்டரிடம் மெல்லக் கேட்டேன். "இப்படியே விட்டா எப்பங்க போறது? கொஞ்சம் தள்ளித்தான் விடணும்."

"தள்ளுனா அது மாட்டு வண்டி டீச்சரம்மா. டைம் ஆவும். ஆவட்டும்."

நாலு நிமிஷத்துக்கு என்னை வெளியே நிறுத்திய அதே மனுஷர்தான் சொல்கிறார், டைம் ஆகட்டும் என்று.

அது சித்திரை மாதம். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை. படகருகே வழக்கம்போல வண்டி நின்றது. மேரியக்கா கொட்டாவி விட்டார். என் கணவர் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். திடீரென்று கயிறு இழுபட்டது. டிரைவர் நடக்கிறாள். படகைத் தாண்டினாள். மேட்டிலிருந்து இறங்கினாள். பின்னால் விசில்கூடக் கேட்கவில்லை. சுடு மணல் முடிந்து ஈர மணல் வந்தது. அவளுடைய இரண்டு கையும் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. ஈர மணலில் நின்றாள். நேராகக் கடலைப் பார்த்தாள்.

அப்போது ஓர் அலை வந்தது. பெரிய அலை எல்லாம் இல்லை. கணுக்கால் அளவு நுரை. சர்ரென்று ஏறி எங்களை நோக்கி வந்தது.

முதலில் கயிற்றை விட்டுவிட்டு ஓடியது யார் தெரியுமா? நான்தான்.

எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு ஒரு பக்கம், கூலிங் கிளாஸ் ஒரு பக்கம். "ஐயோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு மேட்டில் ஏறி, அந்த உடைந்த படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நான் பார்க்காத அலை எனக்குள்ளேயும் ஒன்றரை வருஷமாக இருந்திருக்கிறது. அறிவுரை சொல்லிச் சொல்லி அதை மூடி வைத்திருக்கிறேன்.

கீழே டிரைவரும் அவளுக்குப் பின்னால் எட்டுப் பேரும் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நுரை அவர்கள் காலை நனைத்துவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் விசிலை ஊதினார் பாருங்கள், அனுமந்தைக்கே கேட்டிருக்கும்.

"டீச்சரம்மா! டிரைவர் நிக்கிறாங்க, பாசஞ்சர் ஓடறீங்களே! ரன்னிங்ல எறங்கலாமா?"

ஷாலினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஈர மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அடுத்த அலை வந்து பாவாடையை நனைத்தது. அவள் எழுந்துகொள்ளவில்லை. அவள் அப்பா சிரித்தார், மேரியக்கா சிரித்தார், எப்போதும் பேசாத கண்டக்டரம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேட்டில் நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்ன ஈரக் கை வந்து என் கையைப் பிடித்தது.

"வாம்மா. மெதுவா ஓட்டறேன்."

நான் கடலில் கால் வைக்க மூன்று வாரம் ஆனது. டிரைவர் பொறுமைசாலி.

அந்த வருஷக் கடைசியில் என் கணவருக்கு விழுப்புரத்தில் வேறு வேலை கிடைத்தது. சாமான்களை முன்னாலேயே லாரியில் அனுப்பிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். கண்டக்டர் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தார். வந்த இடத்திலும் சும்மா இல்லை. எங்கள் பஸ்ஸின் இளம் கண்டக்டரைப் பிடித்து, பையை எங்கே வைக்க வேண்டும், படிக்கட்டில் நிற்பவர்களை எப்படி உள்ளே அனுப்ப வேண்டும் என்று பத்து நிமிஷம் வகுப்பு எடுத்தார். அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றான்.

பஸ் கிளம்பியது. ஷாலினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். முப்பது வருஷமாக "கைய உள்ள எடு, கைய உள்ள எடு" என்று அந்த ரோட்டில் போன குழந்தைகளையெல்லாம் அதட்டியவர், அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் வேகம் எடுக்கிற வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.