துக்க வீட்டுக்குப் பலூன் அனுப்பிய பந்தல்காரன்

உத்திரமேரூர்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய தாமோதரன் மாமாவுக்கு, உங்கள் மச்சான் சின்னப்பையன் வணங்கி எழுதுவது. துக்க வீட்டுக்கு எழுதுவதால் மேலே பிள்ளையார் சுழி போடவில்லை, நலமா என்றும் கேட்கவில்லை. முறை தெரிந்தவன்தான் நான். இந்த ஒரு தடவைதான் தவறிவிட்டது.

மாமா, உங்கள் நைனா தவறிய மூன்றாம் நாள், பலூன் படம் போட்டு உங்கள் போனுக்கு ஒரு செய்தி வந்ததே, அது என் விளையாட்டு இல்லை. போன் தானாக அனுப்பியது. நம்ப மாட்டீர்கள். உங்கள் கிரகப்பிரவேசத்தில் பாயசத்தில் பல்லி என்று புரளி கிளப்பிப் பாதிப் பந்தியை எழுப்பிவிட்டவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். போன முகூர்த்தத்தில் ஒரே இருநூறு நாற்காலியை இரண்டு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டு அடி வாங்கப் பார்த்தேன் அல்லவா, அன்றைக்கு என் மகள் திவ்யா சொன்னாள், “நோட்டைத் தூக்கிப் போடு நைனா. நம்ம கடைக்கு மூணே ஆப் போதும். தேதி குறிக்க ஒண்ணு, பில்லு போட ஒண்ணு, கஸ்டமருக்கு மெசேஜ் அனுப்ப ஒண்ணு.” நான் கேட்டேனா? பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி, இலவசம் என்று வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பதினோரு ஆப். ஒன்று வேலையாட்களின் லீவைக் குறித்துவைக்கும். என்னிடம் இருப்பது ரமேஷ் ஒருத்தன், அவன் லீவு சொல்லிவிட்டுப் போனதே இல்லை. இன்னொன்று தினமும் காலையில் இன்றைய இலக்கு என்ன என்று கேட்கும். நாஷ்டா என்று எழுதினேன், சபாஷ் என்றது.

மெசேஜ் ஆப்பைத் தொடங்கிய அன்றுதான் நைனா தவறினார். பந்தல் நம் பந்தல், பதிந்தாக வேண்டும். என்ன நிகழ்ச்சி என்று கேட்டு, சுபம், துக்கம் என்று இரண்டு கட்டம் காட்டியது. புதிதாகத் தொடங்கும்போது முதல் வரியிலேயே துக்கம் என்று எப்படி மாமா போடுவது? கடைக்கு ஆகுமா? சுபத்தைக் குத்திவிட்டேன். கீழே இன்னும் நாலைந்து கட்டம், எல்லாம் இங்கிலீஷ். நான் படித்த நாலாம் வகுப்பு வரை எனக்கு ஒருத்தரும் டிக் போட்டதில்லை. கண்ட இடத்திலெல்லாம் நானே போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அது தானாகவே பலூனோடு அனுப்பியது: “உங்கள் இல்லத்துச் சுப நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததில் மகிழ்ச்சி! அடுத்த நிகழ்ச்சிக்கும் எங்களையே அழையுங்கள்!” மறுநாள், எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒன்று. முப்பது வருஷமாகத் துக்க வீட்டில் பந்தல் பிரித்தால் ‘வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் தலை குனிந்து வெளியேறுகிறவன் நான். போன சனிக்கிழமை திவ்யா என் போனைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா பண்ணி வச்சிக்கீற? சாவு வூட்டுக்கு மறுபடி கூப்புடுங்கன்னு போயிக்கீது!” என்றதும் உடம்பே கூசிப் போச்சு மாமா.

ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லத் திருமுக்கூடல் வந்தேன். பார்த்ததும் நீங்கள் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டீர்கள். அக்கா கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டேன். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காரியம். மச்சான் முறைக்கு உங்கள் தலையில் கோடித் துணி கட்ட வேண்டியவன் நான். வேறு ஆளைக் கட்டச் சொல்லிவிட்டால் ஊரைக்கூடச் சமாளிப்பேன், அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பத்து ஆப்பை அழித்துவிட்டேன். தேதி குறிக்கிறது மட்டும் கீது; அதற்கு யாரோடும் பேசத் தெரியாது. நாலு அடி வேண்டுமானாலும் அடியுங்கள், வராதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடும்,
சின்னப்பையன் (வயது ஐம்பத்திரண்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அக்காவுக்குப் போன் போட்டேன். “அந்தப் பலூனா? அதையும், மறுநாள் வந்த நட்சத்திரத்தையும் வந்த உடனே பாத்து நான் அழிச்சிட்டேன்டா. உங்க மாமாவுக்குத் தெரியவே தெரியாது. நைனா போனதுலேர்ந்து யார் வந்தாலும் அவரு எழுந்து கொல்லைக்குப் போயிடறாரு. நீ இன்னா பெரிய ஆளா?” என்றாள். அப்படியானால் கிழித்துப் போடுகிறேன் என்றேன். “கிழிக்காத, அனுப்பு. பன்னெண்டு நாளா மனுசன் வாயத் தொறக்கல. உன்னத் திட்டறதுக்காச்சும் தொறக்கட்டும்.” ரமேஷ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். திட்டுங்கள் மாமா.