முப்பதில் போகமாட்டேன், மதினி

பெருமதிப்பிற்குரிய ஹெல்வி மதினி அவர்களுக்கு,

ஹீயுமா தீவிலிருந்து தங்கள் தங்கை கணவன் எல்மார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், மைமு சுகம், பூனையும் சுகம். பாதாள அறையில் உருளைக்கிழங்கு மட்டும் கொஞ்சம் முளை விட்டிருக்கிறது. அங்கு தங்கள் சுகத்தையும் தங்கள் முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. இலையுதிர்காலத்தில் தாங்கள் ஃபோன் செய்து, மைமுவுக்குக் கண் மங்கிவிட்டது, மாதாமாதம் கண்ணில் ஊசி போட ஹாப்சலுவுக்குக் கடல் தாண்டி வரவேண்டியிருக்கிறது, இனி அவள் கார் ஓட்டக்கூடாது, ஆகவே குளிர்காலம் முழுக்க அவள் தங்கள் வீட்டிலேயே வந்து இருக்கட்டும் என்று சொன்னீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஃபோனை வைத்துவிட்டேன். அது மரியாதையில்லை, மன்னிக்கவும். ஆனால் அவள் அங்கே வந்துவிட்டால் இங்கே சௌனா நீராவிக் குளியலறைக்கு விறகு எத்தனை வைப்பது என்று யாருக்குத் தெரியும்? முட்டைக்கோசு உப்பில் ஊறப்போட்டிருக்கிறது, அதை யார் கிளறுவது? வீடு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதனால் மறுநாளே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன்.

தங்களுக்குத் தெரியாததில்லை. கார் ஏற்றும் படகில் வாழ்நாள் பூராவும் வேலை பார்த்தவன் நான். எத்தனை ஆயிரம் பேருக்கு வீலை அப்படித் திருப்பு, இப்படி ஒடி என்று கை காட்டியிருக்கிறேன். ஒரு வீலைக்கூட நான் தொட்டதில்லை. தபால் வண்டி ஓட்டிக்கொண்டு மைமு இருக்கும்போது எனக்கெதற்கு? சரி, வயதான காலத்தில் ஒருவழியாகக் கத்துக்கிட்டேன். காய்ஞ்ச ரோட்டுல பரவாயில்லைன்னே சொன்னாங்க. ஆனா வழுக்குப் பாதையில ஓட்டிக் காட்டினாத்தான் ஆச்சுன்னு சட்டம். அந்தப் பாதை உங்க கரையில, ஹாப்சலு தாண்டி இருக்கு. அங்கதான் வந்தது வினை.

சொல்லிக்குடுக்கறவ கைரித்னு ஒரு பொண்ணு. தெற்கே வோருன்னு ஒரு ஊர்ப் பக்கம், கடலையே காலண்டர்ல பார்த்து வளர்ந்தவ. ஒரு பெரிய வயல்ல தண்ணிய ஊத்தி உறைய வெச்சு, நடுவுல ஆரஞ்சுக் கூம்பா நட்டிருக்கு. கார்ல ஏறினேன், அந்தப் பனிக்கட்டி ஓரத்துக்கு வந்தேன், என் கை பாட்டுக்கு சீட் பெல்ட்டைக் கழட்டிடுச்சு. கதவையும் ஒரு விரக்கடை திறந்து வெச்சுக்கிட்டேன். அவ என்னைப் பார்த்தா, பெல்ட்டைப் பார்த்தா, மாட்டுங்கன்னா. மாட்டினேன். பனிக்கட்டி மேல ஏறினதும் கை மறுபடி கழட்டிடுச்சு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்களே, மதினி, நீங்களும் நானும் குளிர்காலத்துல உறைஞ்ச கடல் மேல போட்ட பனிப்பாதையில வளர்ந்தவங்கதானே? கடல் உடைஞ்சா வெளிய குதிக்கணும், பெல்ட்டு போட்டவன் காரோடயே கீழ போவான்னு நமக்குச் சொல்லியா குடுத்தாங்க, தாய்ப்பாலோட ஊட்டினாங்க.

அப்புறம் முப்பது கிலோமீட்டர் வேகத்துல போங்கன்னா பாருங்க, அது எப்படி முடியும்? இருபத்தஞ்சுக்குக் கீழ போகலாம், நாப்பதுக்கு மேல போகலாம், நடுவுல போனா அடியில அலை எழும்பிப் பனியை உடைச்சிடும், இது எங்க தீவுல சின்னப்பிள்ளைக்கும் தெரியும்னு பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். இருபதுல போறேன், இல்ல அம்பதுல போறேன், முப்பதுல மட்டும் போகமாட்டேன்னேன். அவ தரையைக் காட்டினா.

"எல்மார், இதுக்குக் கீழ கடல் இல்ல. போன வருஷம் இங்க உருளைக்கிழங்கு போட்டிருந்தாங்க" அப்படின்னா.

புத்திக்குத் தெரியுது மதினி, காலுக்குத் தெரியணுமே. முப்பதுல போனேன். பின்பக்கம் வழுக்கிக்கிட்டுச் சுத்த ஆரம்பிச்சதா, ரெண்டு கையையும் வீல்லேர்ந்து எடுத்து, படகுத் தளத்துல காட்டற மாதிரியே "இடது, இடது, இன்னும் இடது"ன்னு காருக்குக் கை காட்டினேன். கார் கேக்கலை. மூணு கூம்பு போச்சு. கைரித் ஒண்ணும் திட்டலை, கையைக் காட்டாதீங்க, திருப்புங்கன்னு மட்டும் சொன்னா. உங்க கரைக்காரங்க பொறுமையைப் பாராட்டித்தான் ஆகணும்.

கடைசியாப் பிரேக்குப் பயிற்சி. முழுபலத்தோட மிதிச்சு அப்படியே வெச்சிருங்கன்னா. பனிப்பாதையில நிக்கவே கூடாதுன்னு வளர்ந்தவனை நிக்கச் சொல்றா. எல்லாம் மைமுவுக்காகன்னு கண்ணை மூடிக்கிட்டு மிதிச்சேன். மிதிச்சதும் காலுக்கடியில கடகடகடன்னு ஒரு அதிர்ச்சி. பனி பொளந்துடுச்சுன்னே நினைச்சேன். "குதிம்மா"ன்னு கத்திட்டுக் கதவைத் தள்ளி வெளிய விழுந்து உருண்டேன். கார் அவளோட மெதுவா ஊர்ந்து போய்ப் பனிக்குவியல்ல மூக்கை வெச்சுக்கிட்டு நின்னுது. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. அந்தப் பொண்ணு இறங்கி வந்து, என் தொப்பியைத் தட்டிக் குடுத்து, பிரேக்கு அப்படித்தான் உதறும், சக்கரம் பூட்டிக்காம இருக்கத்தான் உதறுதுன்னு விளக்கினா. அன்னிக்குப் பாஸ்னு கையெழுத்துப் போடலை. நான் அவ இடத்துல இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

அந்த வாரம் பூரா எனக்குப் பயம். பயம் என்னன்னா, பனி இல்ல மதினி, நீங்க மறுபடி ஃபோன் பண்ணுவீங்களோன்னுதான். மைமு ஒண்ணும் கேக்கலை. எங்க வீட்டுல பேச்சு கம்மின்னு உங்களுக்குத் தெரியும். அவ கம்பளி பின்னிக்கிட்டிருந்தா, நான் சாப்பாட்டு மேசைக்கடியில பிரேக்கு மிதிச்சுக்கிட்டிருந்தேன்.

ரெண்டாம் தடவை கைரித் ஒண்ணுதான் சொன்னா: பயப்படற இடத்தைப் பார்க்காதீங்க, போகவேண்டிய இடத்தைப் பாருங்கன்னு. பார்த்தேன். கார் அங்கதான் போச்சு. பெல்ட்டு போட்டபடியே இருந்துச்சு, கதவு சாத்தியே இருந்துச்சு, முப்பதுலயே போனேன். கையெழுத்துப் போட்டுட்டா, லைசென்ஸும் வந்துடுச்சு.

போன புதன்கிழமை மைமுவை நானே ஊசி போடக் கூட்டி வந்தேன். உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் காரை நிறுத்தியிருந்தேன். வராம திரும்பினதுக்குக் காரணம், வந்தா நீங்க அவளைத் திருப்பி அனுப்பமாட்டீங்கன்னு பயம், வேற ஒண்ணுமில்ல. இந்தக் கரையில படகு இறங்கிக் காட்டு வழியா வீட்டுக்கு வரும்போது நிழல்ல ஒரு கண்ணாடிப் பனி. கார் பக்கவாட்டுல இழுத்துடுச்சு. எதிர்ல மரம் ஏத்தின லாரி. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன், போகவேண்டிய இடத்தைப் பார்த்தேன், வீலைத் திருப்பினேன், கார் நேராச்சு, லாரி தாண்டிடுச்சு. மைமு ஒரு வார்த்தை பேசலை. நாப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டினவ, என் கையில உசிரை ஒப்படைச்சிட்டு அசையாம உக்காந்திருக்கான்னா அந்த நம்பிக்கைக்கு நான் என்ன சொல்றது.

ஆகவே மதினி அவர்களே, மைமு இந்தக் குளிர்காலத்தில் தங்கள் வீட்டுக்கு வரவேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வீடு நன்றாக இருக்கிறது. கார் நன்றாக இருக்கிறது. தங்கள் அடுப்பு அணையாமலும் தங்கள் வாசற்படி வழுக்காமலும் இருக்கக் கடவுளை வேண்டும்,

தங்கள் பணிவுள்ள
எல்மார்

பின்குறிப்பு: மைமுவால இப்போ கையெழுத்து படிக்க முடியறதில்லையே, அதனால ஒட்டறதுக்கு முன்னாடி மேல எழுதினது பூராவும் அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். பின்னறதை நிறுத்தாமலே கேட்டா. லாரி வந்த இடத்துல பின்னல் ஊசி நின்னுது. "அது நம்பிக்கை இல்ல எல்மார். பயத்துல எனக்குப் பேச்சே வரலை. ரோடும் தெரியலை, வீலும் கையில இல்ல. இன்னொரு தடவை அப்படி உக்கார என்னால முடியாது. நான் ஹெல்விகிட்டப் போறேன்"னா.

எனக்குத் தலையில இடி விழுந்தது. முட்டைக்கோசைப் பத்தி ஏதோ சொல்லப் பார்த்தேன், முடியலை. நீ இல்லாத வீட்டுல எனக்கு என்னடி வேலைன்னு கேட்டுட்டேன். இந்த வீட்டுல அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்ல. அவ என்னை ஒரு முழி முழிச்சா.

"ஹெல்வி ரெண்டு பேரையும்தானே கூப்பிட்டா? நீதான் பாதியிலயே ஃபோனை வெச்சுட்டே. எனக்குத் திரும்பப் பண்ணிச் சொன்னா."

அப்போ ஏன் என்கிட்டச் சொல்லலைன்னேன். நீ கேக்கலைன்னா. அதோட, நாப்பது வருஷமா சொல்லிச் சொல்லிப் பார்த்தும் வீலைத் தொடாத மனுஷன் தானாக் கிளம்பிக் கத்துக்கப் போறானே, எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்னா. இதை எங்க போய்ச் சொல்றது மதினி.

சனிக்கிழமை படகுல வரோம். கார் கொட்டகையிலயே இருக்கட்டும். ரெண்டு பேருக்குப் படுக்கை போடுங்க, முட்டைக்கோசு ஜாடிக்கும் ஒரு இடம் பாருங்க. பஸ் நிறுத்தத்துலேர்ந்து நாங்க வர நேரமாகும், கதவுகிட்ட நின்னு கவலைப்படாதீங்க. அவளுக்குக் கண்ணு தெரியாது, எனக்குக் கால் வழுக்கும். கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவோம்.