எட்டு இருபதுக்கு முடித்தவர்

கார் வாங்கியவர்களில் ஓர் இனம் உண்டு. என்ன விலை என்று கேட்டால் விளம்பரத்தில் போட்டிருந்த ஷோரூம் விலையை மட்டும் சொல்வார்கள். ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு, வெயிலில் நிறம் மங்காமல் இருக்கத் தலையில் கட்டிய பூச்சு, அதைக் கழுவும் திரவம், எதுவும் வாயிலிருந்து வராது. பொய் சொல்கிறார்களா? சேச்சே. உண்மையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நல்லூரில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி இந்த இனத்தில் முதல் தரம். கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்கச் சொல்லி நூல்காரரிடம் அரை நாள் வாதாடுகிறவர், ஷோரூமில் ஏசிக்குக் கீழே உட்காரவைத்துக் காபி கொடுத்ததும் வாயடைத்துப் போனார். எட்டு லட்சத்து இருபதாயிரம் என்று நம்பிப் போன வண்டிக்கு வரி மட்டும் லட்சத்துக்கு மேல், இன்ஷூரன்ஸ் நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி என்று விற்பனைப் பெண் ஆஷா பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, இவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பதிவு, பூச்சு, திரவம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பேரம் பேசிக் குறைத்தது? ஒன்றுமில்லை. கேட்டு வாங்கியது ஒரு குட்டிப் பிள்ளையார்.

ஒன்பதுக்கு மேலே போனால் ஸ்கூட்டரே போதும் என்று மனைவி அனுப்பிரியா கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் வீட்டில் வந்து, "எட்டு இருவதுக்கு முடிச்சாச்சு" என்றார். 'முடிச்சாச்சு' என்பதில் ஒரு வீரம் தொனித்தது. மறுநாளே அது தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அவிநாசிபாளையத்தில் தோப்பு வைத்திருக்கும் அனுப்பிரியாவின் தம்பி தங்கதுரையின் காதிலும் விழுந்தது. அவன் மனைவிக்கு அது எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டுமென்று இரண்டு கறவை எருமைகளை விற்று, சீட்டுப் பணத்தையும் எடுத்து, சரியாக எட்டு இருபது சேர்த்துக்கொண்டு அதே ஷோரூமுக்குப் போய்விட்டான். அங்கிருந்து போன் வந்தது.

"மச்சான், பூச்சு கீச்சு ஒண்ணும் வேண்டாம்னாலும் ஒம்பது எழுவது கேக்கறாங்க. உங்க பேரச் சொன்னா சிரிக்கறாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

அனுப்பிரியாவும் கூடவே கிளம்பிவிட்டாள். ஷோரூமில் ஆஷாவிடம், எங்கூட்டுக்காரர் பேசினால் படிந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னாள். நானும் பத்துக்கு மேல் கொடுத்தவன்தான் மாப்பிள்ளை என்ற ஒரே வாக்கியம் ஈஸ்வரமூர்த்தியின் தொண்டை வரை வந்தது. சொல்லக் காலணாச் செலவில்லை. ஆனால் எதிரே மனைவி நிற்கிறாள், மைத்துனன் நிற்கிறான், விற்ற எருமைகளும் மனதுக்குள் வந்து நிற்கின்றன. ஆஷாவைத் தனியே அழைத்துப் போனார். புதிதாக இரண்டு தையல் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்குச் செக் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து, பேசிவிட்டேன் என்றார். தங்கதுரை கண் கலங்கிவிட்டான்.

விளைவு என்ன? அடுத்த ஞாயிறு காலை வாசலில் நான்கு பேர். முன்னால் அனுப்பிரியாவின் பெரியப்பா லிங்கசாமி. எல்லாருக்கும் கார் வேண்டும், மாப்பிள்ளை கூட வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும்.

நான்கு செக் எழுதும் தெம்பு ஈஸ்வரமூர்த்திக்கு இல்லை. உள்ளே போய்த் தன் வண்டியின் பில்லை எடுத்து வந்து பானெட்டின் மேல் விரித்து, வரியிலிருந்து பூச்சு வரை ஒன்று விடாமல் படித்துக் காட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக முழு விலையைச் சொல்கிறார். லிங்கசாமி பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"செய்ய மனசில்லீன்னா அதையே சொல்லீருங்க மாப்பிள்ள. பில்லெல்லாம் எதுக்குங்க?"

நால்வரும் போய்விட்டார்கள். அனுப்பிரியா பில்லைக் கையில் எடுத்துக் கடைசி வரி வரை படித்தாள். அப்படியானால் தம்பி வண்டிக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் பில்லை நான்காக மடித்தாள்.

"இத தம்பிகிட்டச் சொல்லீராதீங்க. உங்களப் பத்தி ஊரெல்லாம் பெருமையாச் சொல்லீட்டுத் திரியறான்."

இனம் இப்படித்தான் பெருகுகிறது.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வண்டி என்ன விலை? பதில் சொல்லும் முன் ஒரு நொடி யோசித்தீர்களே, அது எனக்குப் போதும். என் வண்டியின் விலையை மட்டும் இப்போது கேட்காதீர்கள். வீட்டுக்காரி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.