நடுவரைப் பட்டியில் அடைத்த விவகாரம்

எஸ்பியர்க், டென்மார்க்,
செப்டெம்பர் 14

அன்புள்ள மச்சான் பாலேந்திராவுக்கு,

இங்கே நானும் உன் அக்கா சரோஜினிதேவியும் மகள் கஜந்தியும் நலம். கடை நலம். ஆடுகள் நாற்பதும் நலம். ஸ்கொட்லாந்து மழையில் உடுப்புக் காயாவிட்டாலும் நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. “அத்தான், இருபதாம் திகதிக்கு முதல் சங்கத்திட்ட மன்னிப்புக் கேளுங்கோ, இல்லாட்டி நாயைத் திருப்பித் தரவேணும்” என்று எழுதியிருக்கிறாய். உன் ஊர்க் கிழட்டு மேய்ப்பர் இந்த மொஸ் நாயை என்னிடம் தரும்போது, ஒரு மேய்ப்பு நாய்ச் சங்கத்தில் சேர்ந்து வருடம் ஒருமுறை போட்டியில் ஓடவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் எனக்குத் தெரியும். சங்கம் என்னை நீக்கினால் மொஸ் உங்கள் மலைக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் தெரிந்தே சொல்கிறேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்ன நடந்தது என்று உனக்கு ஆரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கினம். முழுசாக் கேள்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை இங்கே சங்கத்தின் ஸ்கொட்லாந்து நாள். பாவாடை கட்டிய டேனிஷ்காரர் பைக்குழல் ஊதினார்கள், மரக்குற்றி எறிந்தார்கள், கொம்பில் கைத்தடிப்பிடி செதுக்கினார்கள். பின்னேரம் மேய்ப்பு நாய்ப் போட்டி. நாய் ஐந்து ஆடுகளை மைதானத்தின் அந்தத் தொங்கலிலிருந்து ஓட்டிவந்து பட்டிக்குள் விட வேண்டும், நாங்கள் கதவைச் சாத்த வேண்டும். போட்டிக்கு ஆடு கொடுத்தது நான். முந்நூறு வடையும் நான்தான். தீர்ப்புச் சொல்ல ஸ்கொட்லாந்திலிருந்து வேறொரு எழுபத்தைந்து வயது மனிதர் வந்து, பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரையில் வெறுங்கழுத்தோடு இருக்கிறார். பிரதம விருந்தினரை வெறுங்கழுத்தோடு இருத்துவமோ மச்சான்? எங்கட சனம் பூப்பந்தாட்டம் நடத்தினாலே மாலை போடுற சனம். போட்டேன். தடித்த செவ்வந்தி மாலை, மேலே பொன்னாடை. அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல். சங்கத் தலைவி கிர்ஸ்டன் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி நின்றாள்.

இதில் நான் ஒன்றை யோசிக்கவில்லை, அது உண்மை. கோயிலில் கழிக்கிற மாலைகளை வெள்ளிதோறும் நான் எடுத்துவந்து, நூலை உருவிவிட்டு ஆடுகளுக்குப் போடுகிறவன். குப்பையில போறது ஆட்டு வயித்துக்குள்ள போகட்டுமே! எப்படியும் கறியாகப் போற சீவன், சாமி மாலை தின்னட்டும். ஆக, என் ஆட்டுக்கு மாலை என்றால் சாப்பாடு.

மொஸ் என்ன வடிவாகக் கொண்டுவந்தான் தெரியுமோ! வயிற்றை நிலத்தில் தேய்த்து, கண்ணாலேயே ஐந்தையும் கட்டி இழுத்துவந்தான். பட்டிக்குப் பத்தடி இருக்கும்போது முன்னால் வந்த ஆடு மூக்கைத் தூக்கியது. அவ்வளவுதான், ஐந்தும் நடுவரிடம் பாய்ந்தன. கதிரை சரிந்தது, மனிதர் எழும்பி ஓடினார், மாலையை இழுத்துச் சப்பியபடி ஐந்தும் கூடவே ஓடின. பைக்குழல் ஊதினவன் பயத்தில் இன்னும் பலமாக ஊதினான். மொஸ் கலங்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினான், ஆறு உருப்படியையும் சேர்த்து நேரே பட்டிக்குள் தள்ளினான். நான் கதவைச் சாத்திக் கொளுக்கி போட்டேன்.

அதுதான் குற்றமாம்! “அப்பா, கதவைத் திறவுங்கோ!” என்று கஜந்தி கத்தினாள். டேனிஷ் மட்டும் கதைக்கிற பிள்ளை, அவதியில் நல்ல தமிழ் வந்துவிட்டது. “முதல்ல புள்ளியைச் சொல்லட்டும், பிறகு திறக்கிறன்” என்றேன். உன் அக்கா ஓடிவந்தா. “உங்களுக்கு வெக்கமில்லையோ? வயசுபோன மனுசனை ஆட்டோட அடைச்சுவைச்சு மார்க்ஸ் கேக்கிறியள்!” “சரோ, நீர் சும்மா இரும். நேரம் முடியேல்லை” என்றேன். உள்ளே நடுவர், பொன்னாடை தலையில், சிரித்துச் சிரித்து இருமுகிறார். “நாயில் ஒரு பிழையும் இல்லை” என்று அவரே சொன்னார். நூறு பேர் கேட்டார்கள்.

விதிப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. ஐந்து ஆடும் உள்ளே, கதவும் பூட்டியாச்சு, முழுப்புள்ளி. நடுவர் உள்ளே இருக்கக்கூடாது என்று எந்த வரியில் இருக்கிறது? கிர்ஸ்டனிடம் கேட்டேன், இருபதாம் திகதிக்கு முதல் மன்னிப்புக் கேட்காவிட்டால் சங்கத்திலிருந்து நீக்கம் என்று கடிதம்தான் வந்தது. நான் பழைய வான் வண்டியில் வீடுவீடாகக் கருவாடு விற்றுக் கடை போட்டவன். நிறுத்தது சரியென்றால் தராசுக்கு முன்னால் ஆருக்கும் தலை குனியமாட்டன். நாயைக் கொண்டுபோறதெண்டால் கொண்டுபோகட்டும். நாய்தானே! இதை அந்த மேய்ப்பரிடமும் அப்படியே சொல்லு.

மற்றப்படி பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், குளிருக்குத் தொப்பி போடட்டும், ஒருவருக்கும் பயப்படாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
வணங்காத உன் அத்தான்
ஆனந்தராஜா

பி.கு.: இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று விடிய உன் அக்கா மொஸ்ஸின் படுக்கையையும் கோப்பையையும் பெட்டியில் கட்டினா. அவன் போய் அந்தப் பெட்டிக்கு மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஆட்டைப் பார்க்கிற அதே பார்வை. பத்து மணிக்கு நான் கிர்ஸ்டன் வீட்டு வாசலில் நின்றேன், கையில் இரண்டு பக்க மன்னிப்புக் கடிதம், டேனிஷில் எழுதித் தந்தது கஜந்தி. இனி ஒரு நடுவருக்கும் மாலை போடமாட்டேன் என்றும் எழுதிக் கிர்ஸ்டன் கையெழுத்து வாங்கினாள். போட்டுக் கொடுத்தேன். ஆகவே மேய்ப்பரிடம் ஒன்றும் சொல்லாதே, மொஸ் இங்கேதான். பொன்னாடையைப் பற்றி அவள் ஒரு வரியும் கேட்கவில்லை. வருகிற வருடத்துக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.