இரண்டாவது டவுன்ரிகரைக் கொடுத்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய யாக்கூப் மாமா அவர்களுக்கு,

தங்கை மகள் அஃப்ரீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். சிராங்கூனில் நாங்கள் நலம். ஆங் மோ கியோவில் நீங்களும் மாமியும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிய வேண்டிய செய்தி இது. ஆனால் "தமிழ்ல எழுதிக் குடு, அப்பதான் படிப்பேன்" என்று பெருநாளுக்குப் பெருநாள் நீங்கள் ஆற்றும் உரையை மதித்து, கையால் எழுதி நேரிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. வழக்கம்போல் வரிக்கு அடியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அவசரமே இல்லை. பின்னால் சத்தம் கேட்டால் மாமி பாத்திரம் கழுவுகிறார் என்று அறிக.

விஷயம், உங்கள் மச்சான், அதாவது என் அத்தா, இரவல் வாங்கிப்போன உங்கள் மின்சார டவுன்ரிகர் பற்றியது. படகோரத்தில் பூட்டிப் பொத்தானை அமுக்கினால் ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்கும், தூண்டில் நரம்பும் கூடவே போகும், இன்னொரு பொத்தானில் குண்டு மேலே வரும். இப்படிப்பட்ட இயந்திரத்தை ஜோடியாக வாங்கி, பாம் ஷெல்டர் என்ற அந்தச் சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, மாதாமாதம் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவி, கம்பியில் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்கும் ஒரே மனிதர் நீங்கள்தான். உங்களோடு அது ஒருநாளும் கடலையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். எங்கிருந்து வரும் உப்பு என்று நான் கேட்க மாட்டேன். மரியாதை தெரிந்த பிள்ளை நான்.

அத்தா ஏன் இரவல் கேட்டார் என்பது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. என் அக்கா நஸீஹா லாத்தாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அத்தா மீன் குழம்பைப் பாராட்டினார். நம்ம ஆள் சும்மா இருக்கக் கூடாதா. "தெங்கிரி மீனுன்னா நானே போய்ப் பிடிக்கிறதுதான்" என்றார். சாங்கி கடற்கரையில் கால் நனைப்பதற்கே செருப்பைக் கழற்றாதவர். வந்தவரோ தேக்கா மார்க்கெட்டில் காலமெல்லாம் மீன் கடை வைத்திருப்பவர். ஐஸ் பட்ட மீனா படாத மீனா என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார். எந்தக் கடையில் யார் என்ன மீன் வாங்கினாலும் மதியத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப அடுத்து வரும்போது நீங்க பிடிச்சதையே சாப்பிட்டுட்டு, தேதியப் பேசிடலாம்லா" என்றார். லாத்தா அன்றிலிருந்து அத்தாவிடம் பேசுவதில்லை. அவர்கள் வருவது இந்த ஞாயிற்றுக்கிழமை.

போன சனிக்கிழமை அத்தாவின் நண்பர் இருதயராஜ் அங்கிளின் படகில் போனோம். உப்புத் தண்ணீர் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய நீண்ட வாய்ஸ் மெசேஜில் அத்தா முதல் மூன்று சொற்களை மட்டும் கேட்டுவிட்டு, உப்புத் தண்ணீர் படவே கூடாது என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். டிவி ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு பெட்ஷீட். அதே முறைப்படி மோட்டார், நீட்டிக்கொண்டிருக்கும் கை, பொத்தான் எல்லாவற்றையும் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, டேப் ஒட்டிவிட்டார்.

"என்ன பாய், பரோட்டா பார்சல் மாதிரி கட்டிட்டீங்க?"

"மச்சானோடதுலா. புதுசு கலையாமத் திருப்பிக் குடுக்கணும்."

ஆழம் காட்டும் எண் வியர்த்துப்போன பிளாஸ்டிக்குக்குள் தெரியவில்லை. குத்துமதிப்பாக இறக்கியதில் குண்டு சேற்றில் போய் உட்கார்ந்தது. படகு முன்னால் போக, கம்பி பின்னால் இழுக்க, அத்தா "பெரிய மீன், பெரிய மீன்" என்று தூக்கும் பொத்தானை அமுக்கினார். குண்டு சேற்றை விட்டு வந்தது. அது மேலே வந்ததும் கம்பியில் கோத்திருக்கும் மணி கையின் நுனியிலுள்ள விசையைத் தட்ட வேண்டும், மோட்டார் தானாக நிற்க வேண்டும். விசை பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தது. மணி தட்டியது, விசை அசையவில்லை.

"நிறுத்துங்க பாய்."

"பட்டன் வழுக்குதுய்யா."

மோட்டார் இழுத்த இழுப்பில் கம்பி அறுந்து, குண்டு படகுக்குள் பாய்ந்து ஐஸ் பெட்டியைத் துளைத்து, உள்ளேயிருந்த பிரியாணியில் அடக்கமானது. மோட்டார் சூடேறிப் புகைந்து நின்றது. பிளாஸ்டிக் உருகி இயந்திரத்தோடு ஒன்றாகிவிட்டது. இனி அந்த உறையை எவராலும் பிரிக்க முடியாது. அத்தாவின் வாழ்நாள் லட்சியம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என் அண்ணன் கேட்டா என்னங்க சொல்றது?" என்று கேட்டார்.

"சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொல்லு. இன்னொன்னு வச்சிருக்கான்ல, கேட்டுப் பாப்போம்."

அங்கேதான் மாமா, என் மனசாட்சி விழித்தது. கொடுக்காதீர்கள். அத்தா காலில் விழுந்தாலும் கொடுக்காதீர்கள். லாத்தா கல்யாணம் நின்றால் நிற்கட்டும், நல்ல இயந்திரம் கிடைப்பதுதான் கஷ்டம். மீன் பிடிப்பவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். மீன் பிடிக்காமலே இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நான் முழுக்க முழுக்க உங்கள் பக்கம்.

மாமிக்கு என் ஸலாம். உங்கள் ஆயுளும், முழங்காலும், மிச்சமிருக்கும் ஒற்றை டவுன்ரிகரும் நீடித்திருக்க வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

அன்பும் அடக்கமும் உள்ள,
அஃப்ரீன்

பின்குறிப்பு: மாமி பாத்திரம் கழுவவில்லை. நீங்கள் தேக்கா மார்க்கெட்டைத் தாண்டும்போது அவரே கதவைத் திறந்து அத்தாவை உள்ளே விட்டிருப்பார். பிரியாணியைத் தாண்டும்போது இரண்டாவது டவுன்ரிகர் லிஃப்டில் இறங்கியிருக்கும். உறை போடக் கூடாது என்று மாமி அத்தாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கோபப்படாதீர்கள், உங்களுடையது முதல் தடவையாக நிஜமான உப்போடு வீட்டுக்கு வரப்போகிறது, ஆசை தீரக் கழுவலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிடுங்கள். அத்தாவைத் தெரியுமல்லவா, பேட்டரி ஒயரை மறந்து எப்படியும் திரும்பி வருவார். ஆகவே மாமா, திரும்பிப் பார்க்காமல், முதலிலிருந்து இன்னொரு முறை படியுங்கள். இந்தத் தடவை சத்தமாக.